உள்ளே இருந்ததாகச் சொல்லப்பட்டவன்

எங்கள் நகர சபையில் ஊழியர் ஒருவர் இறந்தால் முதலில் எழும் கேள்வி அவர் எப்படி இறந்தார் என்பதல்ல. எந்த நிலையில் இறந்தார் என்பதுதான். லீவில் இறந்தாரா, கடமையில் இறந்தாரா, அல்லது கடமை நேரத்தில் கடமைக்குப் புறம்பான காரியம் ஒன்றைச் செய்துகொண்டிருந்தபோது இறந்தாரா. மூன்றாவது வகைதான் சபைக்கு எப்போதும் வசதி. அனுதாபப் பதாகை கட்டலாம், மலர்வளையம் வைக்கலாம், வீட்டுக்குத் திரும்பும் வழியில் பொறுப்பையும் இறக்கி வைத்துவிடலாம்.

எங்கள் தீயணைப்புத் தலைவரை மூன்றாவது வகையில் போட்டார்கள். அந்த விசாரணைக் குழுவின் செயலாளர் நான். அரச ஊழியருக்கான தாபன விதிக்கோவையைப் பாதி மனப்பாடமாக வைத்திருந்த யாழ்ப்பாணத்தான் ஒருவன் கேகாலைப் பக்கத்துச் சிறு நகரம் ஒன்றின் சபையில் நிருவாக உத்தியோகத்தனாக இருந்தான் என்றால், அவனை வேறு எதற்குப் பயன்படுத்துவார்கள்? இப்போது ஓய்வூதியம் வாங்குகிறேன். விதிகள் மறக்கவில்லை. அதுதான் தொல்லை.

அவரை எல்லோரும் ‘சீப்’ என்றுதான் கூப்பிட்டார்கள். சிங்களவர், அந்த ஊரிலேயே பிறந்து வளர்ந்தவர். தியாகியாகப் பிறந்தவர் போல யாரும் அவரை நினைத்துக்கொள்ள வேண்டாம். மீசைக்கு எண்ணெய் தடவுவார். பித்தளைத் தலைக்கவசத்தை யாரும் தொடக்கூடாது. சபையிடம் இருந்தது ஒரேயொரு தீயணைப்பு வண்டி. அதன் முன் ஆசனத்தில் சபைத் தலைவரான தவிசாளரையே ஏறவிடாமல் ஒரு ஊர்வலத்தன்று இறக்கிவிட்டவர். அதைத் தவிசாளர் மறக்கவில்லை என்பதைப் பின்னால் கண்டேன்.

எனக்கும் அவருக்கும் நல்லுறவு என்று சொல்ல முடியாது. மாதத்துக்கு ஒரு முறையாவது என் அறைக் கதவைத் தட்டாமல் திறந்துகொண்டு வருவார். பேச்சு சிங்களத்தில்தான் நடக்கும்.

“இந்த ஓட்டைக் குழாயை வச்சுக்கொண்டு நான் நெருப்பை அணைக்கிறதா, பூக்கன்றுக்குத் தண்ணி விடுறதா?”

“கேள்விப்பத்திரம் கோர வேணும், சேர். மூன்று பேரிட்ட விலை எடுக்க வேணும்.”

“நல்லது. நெருப்புக்கும் ஒரு சொல் சொல்லிவிடுங்க, கேள்விப்பத்திரம் திறக்கும் மட்டும் பொறுக்கட்டும்.”

“அது உங்கட பிரிவு வேலை, சேர்.”

முறைப்பார். பிறகு என் மேசையில் இருக்கும் வெற்றிலைத் தட்டத்தில் ஒரு பாக்கை எடுத்து வாயில் போட்டுக்கொண்டு போய்விடுவார். குழாய் அடுத்த வருடம் வரும். வெசாக் பண்டிகைப் பந்தலுக்கான மின்விளக்கு மட்டும் ஒரு நாளும் பிந்தாது.

சுவாசக் கருவியின் கதையையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். வெளிநாட்டு நகரம் ஒன்று நட்பின் அடையாளமாக எங்கள் சபைக்கு ஒரு கருவி அனுப்பியது. புகைக்குள் போகிறவர் முதுகில் காற்றுச் சிலிண்டரையும் முகத்தில் மூடியையும் மாட்டிக்கொள்ளலாம். மஞ்சள் நிறம், பார்க்க அழகு. அது தவிசாளரின் அறையில் கண்ணாடி அலுமாரிக்குள் போனது. சீப் போய்க் கேட்டபோது நானும் அங்கே இருந்தேன்.

“நிலையத்தில எலி இருக்குது. இங்க பத்திரமா இருக்கட்டும். ஆக்கள் வந்தால் காட்டவும் வேணும்,” என்றார் தவிசாளர்.

“நெருப்புப் பிடிச்சா நான் இங்க ஓடி வந்து சாவி கேக்கிறதா?”

“பிடிச்சால் பாப்பம்.”

பிடித்தது. தொண்ணூறுகளின் நடுப்பகுதி. தோட்டங்களை அரசாங்கம் கம்பனிகளிடம் கொடுத்துச் சில வருடங்கள்தான் ஆகியிருந்தன. எங்கள் நகரத்தைச் சுற்றி எல்லாம் றப்பர். அதில் ஒரு தோட்டத்தின் புகைக்கூடத்தில் பிற்பகல் நேரம் தீப்பற்றியது. றப்பர்ப் பாலை உறையவைத்துத் தகடாக உருட்டி, மூங்கில் கழிகளில் தொங்கவிட்டு, கீழே விறகுச் சூளையின் புகையால் நாட்கணக்கில் உலர்த்துகிற கட்டடம் அது. மேலிருந்து ஒரு தகடு அறுந்து சூளை வாயில் விழுந்தால் போதும். எரியும் றப்பரின் புகையை அறியாதவர்களுக்கு ஒன்று சொல்லலாம்: அதற்கு இருட்டு என்ற சொல் போதாது.

இதற்கான நடைமுறை எளிது. கதவுகளையும் காற்றுத் துவாரங்களையும் மூட வேண்டும். யாரும் திறக்கக்கூடாது. உள்ளே இருக்கும் றப்பரை மறந்துவிட வேண்டும். கூரைமேல் தண்ணீர் அடித்து, பக்கத்துத் தொழிற்சாலைக்குத் தீ தாவாமல் பார்த்துக்கொள்ள வேண்டும். சீப் இதை அந்தத் தோட்டத்துக்கே போய் ஒரு முறை பயிற்சி வைத்துச் சொல்லிக் கொடுத்திருந்தார். அகால நேரத்தில் தொழிற்சாலைச் சங்கு ஊதினால் எல்லோரும் வாளியோடு வந்து, ஓடையிலிருந்து வரிசையாக நின்று தண்ணீர் கைமாற்ற வேண்டும் என்பதுதான் பயிற்சி. ஆட்கள் சிரித்துச் சிரித்துச் செய்தார்களாம்.

ஆனால் அந்தச் சங்குக்கு வேறொரு வேலையும் இருந்தது. கொழும்பில் எங்காவது ஏதாவது வெடித்தால் மறுநாளோ அதற்கடுத்த நாளோ பொலிசும் படையினரும் தோட்டத்துக்கு வருவார்கள். அலுவலகத்தில் சங்கு ஊதச் சொல்வார்கள். தொழிலாளர் குடியிருப்பு வரிசைகளான லயங்களில் இருக்கும் அத்தனை பேரும் கதவைப் பூட்டிக்கொண்டு அடையாள அட்டையோடு பெரட்டுக் களத்துக்கு வர வேண்டும். காலையில் வேலைக்குப் பெயர் கொடுக்க நிற்கிற அதே களம். வீடு வீடாக நிற்க வேண்டும். இளவட்டங்களை ஒரு பக்கம் பிரிப்பார்கள். யாராவது குறைந்தால் எங்கே என்று கேட்பார்கள். பதில் சொல்கிறவர் தடுமாறக்கூடாது.

தீயணைப்புப் பயிற்சி ஒரு முறை நடந்தது. மற்றது பல முறை நடந்தது. எது உடம்பில் ஊறியிருக்கும் என்பதற்கு விதிக்கோவை தேவையில்லை.

அன்று சங்கு ஊதியதும் தோட்டம் முழுவதும் கதவுகளைப் பூட்டியது. தீயணைப்பு வண்டியின் சாரதி எனக்குச் சொன்னது இது. அவர் முஸ்லிம், சீப்புடன் நீண்ட காலம் இருந்தவர், கூட்டிக் குறைத்துப் பேசத் தெரியாதவர்.

“ஐயா, வளைவில திரும்புறோம். மேல புகை கறுப்பாப் போகுது. கீழ பாத்தா பெரட்டுக் களத்தில சனம். ஆம்பிளை, பொம்பிளை, கைப்பிள்ளைக்காரி, கெழவன் எல்லாம் வரிசையா நிக்கிறாங்க. கையில அட்டை. ஒருத்தர் கையிலயும் வாளி இல்ல. எனக்குச் சிரிக்கிறதா அழுறதா தெரியல்ல. சீப் இறங்கி, ‘நெருப்புக்கு அடையாள அட்டை காட்டப் போறீங்களா?’ எண்டு கத்தினார்.”

அவர்கள் அசையவில்லை. காரணம், சந்தியில் இருந்த பொலிஸ் காவலரணின் சார்ஜன்டும் சங்குச் சத்தம் கேட்டு வந்திருந்தார். அவரும் பழக்கத்துக்கு அடிமைதான். எரிகிற கட்டடத்துக்கு முதுகைக் காட்டிக்கொண்டு, வரிசையில் நின்ற ஆட்களைச் சரிபார்க்கத் தொடங்கியிருந்தார்.

சீப் தன் ஆட்களை வைத்துக் கதவுகளை அடைத்தார். கூரையில் தண்ணீர் அடிக்கச் சொன்னார். கங்காணி ஒருவரைப் பிடித்து உலுக்கி வாளி வரிசையைத் தொடக்கினார். எல்லாம் ஒழுங்காகவே போய்க்கொண்டிருந்தது. அப்போதுதான் சார்ஜன்ட் வரிசையில் ஒரு பெண்ணிடம் வந்து நின்றார். நடுத்தர வயது, விதவை, றப்பர்ப் பால் வெட்டுகிறவள். அவளுடைய ஒரே மகன் புகைக்கூடத்துச் சூளைக்காரன். இருபது வயதைத் தாண்டிய இளைஞன். வரிசையில் அவனைக் காணவில்லை.

“உன் மகன் எங்கே?”

“லமயா வெட கரனவா மாத்தயா, சுமோக் அவுஸ்ல,” என்றாள். பிள்ளை புகைக்கூடத்தில் வேலை செய்கிறான் ஐயா, என்று.

அவன் அங்கே இல்லை. பல மாதங்களாகவே இல்லை. ரம்புக்கனையில் ரயிலேறிக் கொழும்புக்குப் போய், புறக்கோட்டையில் ஒரு இரும்புக் கடையில் வேலை செய்துகொண்டிருந்தான். கொழும்பில் தங்கும் தமிழருக்கு வேண்டிய பொலிஸ் பதிவு அவனிடம் இல்லை. பதியப் போனால் எதற்கு வந்தாய் என்று கேட்பார்கள், பதியாமல் பிடிபட்டால் எதற்குப் பதியவில்லை என்று கேட்பார்கள். தோட்டத்தில் அவன் பெயரில் சூளைக்கு விறகு போட்டது அவனுடைய தாய்மாமன். இது கங்காணிக்குத் தெரியும், லயத்துக்கு முழுவதும் தெரியும். தோட்டத்துத் தமிழ் இளைஞன் ஒருவன் தோட்டத்தில் இல்லையென்றால் அவன் எங்கே இருக்கிறான் என்ற கேள்விக்கு அந்தக் காலத்தில் ‘புலிகளோடு’ என்ற ஒரே பதிலைத்தான் எழுதிக்கொள்வார்கள். ஆகவே ஒவ்வொரு தேடுதலிலும் அவள் சொன்னது இதுதான்: பிள்ளை புகைக்கூடத்தில் வேலை செய்கிறான். அணையாமல் பார்க்க வேண்டிய சூளை, விட்டுவிட்டு வர முடியாது. அதுவரை யாரும் போய்ப் பார்த்ததில்லை. அந்தச் சூட்டுக்குள் எந்தப் படைவீரன் போவான்?

அன்றும் கேள்வி வந்தது. பதிலும் தானாக வந்தது. சொல்லி முடித்த பிறகுதான் புகைக்கூடம் எரிந்துகொண்டிருப்பது அவளுக்கு நினைவு வந்திருக்க வேண்டும்.

சீப்புக்குக் கேட்டது. திரும்பி வந்தார்.

“உள்ளேயா? எந்தப் பக்கம்?”

அவள் வாய் திறக்கவில்லை. சார்ஜன்ட் அவள் முகத்தைப் பார்த்துக்கொண்டு நின்றார். அவள் தம்பி, முழங்கை வரை சூளைக் கரியோடு, அடுத்த வரிசையில் நிலத்தைப் பார்த்துக்கொண்டு நின்றான். அந்தக் கரியை வாசிக்க சார்ஜன்டுக்கும் தோன்றவில்லை, சீப்புக்கும் தோன்றவில்லை. கங்காணி தலைப்பாகையைச் சரிசெய்தார்.

சீப் ஒரு சாக்கை நனைத்துத் தோளில் போட்டார். அப்போது அவள் வரிசையை விட்டு ஓடிவந்து அவருடைய கையைப் பிடித்தாளாம். இரண்டு கையாலும், விடாமல். சாரதி பக்கத்தில் இருந்தார்.

“நான் நினைச்சேன் மகனைக் காப்பாத்தச் சொல்லித்தான் பிடிக்கிறா எண்டு. சீப்பும் அப்பிடித்தான் நினைச்சார். அவட கையில தட்டி, ‘பயப்படாதீங்க அம்மே, கூட்டிக்கொண்டு வாரேன்’ எண்டார். பிறகு கையை எடுத்து விட்டுட்டுப் போனார்.”

தான் அடைக்கச் சொன்ன கதவைத் தானே திறந்துகொண்டு போனார். கொஞ்ச நேரத்தில் கூரை இறங்கியது. அதற்கு மேல் நான் விவரிக்கப் போவதில்லை. அந்தப் பகுதியை எல்லோரும் நன்றாக விவரித்தார்கள். தவிசாளர் மரணச் சடங்கில் கண்ணீரோடு விவரித்தார்.

மஞ்சள் கருவி அலுமாரியிலேயே இருந்தது. மரணச் சடங்குக்கு வந்த வெளியூர்ப் பிரமுகர்கள் அதைப் பார்த்துப் பாராட்டிவிட்டுப் போனார்கள்.

பிறகு விசாரணை. மாகாண அலுவலகத்திலிருந்து வந்த ஒருவர் குழுவின் தலைவர். தவிசாளரின் பழைய நண்பர். தீயணைப்புத் தலைவர் ஏன் உள்ளே போனார் என்பதுதான் ஒரே கேள்வி. சீப்பின் மனைவிக்கும் அது ஒன்றுதான் வேண்டியிருந்தது. அவர் சிறு வகுப்புகளுக்குப் படிப்பிக்கும் டீச்சர். ஊரில் கதை ஏற்கெனவே பரவியிருந்தது: சீப்புக்கு வீரம் காட்ட வேண்டியிருந்தது, ஆளில்லாத கட்டடத்துக்குள் ஓடினார். பஸ்ஸில் அவர் காதுபடவே சொன்னார்களாம்.

சாட்சிகள் வந்தார்கள். தோட்ட முகாமையாளரான பெரிய துரை, தான் பங்களாவில் இருந்ததாகச் சொன்னார். அது உண்மை, எப்போதும் உண்மை. கங்காணி வந்தார்.

“யாராவது உள்ளே இருப்பதாகச் சொன்னார்களா?”

“நெருப்புச் சத்தத்துல ஒன்னும் வெளங்கலீங்க.”

“நீங்கள் வரிசையில்தானே நின்றீர்கள்?”

“நின்னேங்க. காது கொஞ்சம் மந்தங்க எனக்கு.”

இதற்கு முதல் தலைவர் தாழ்ந்த குரலில் பேசியதற்கெல்லாம் அவர் சரியாகப் பதில் சொல்லியிருந்தார். சார்ஜன்ட் தான் வீதியில் போக்குவரத்தை ஒழுங்குபடுத்திக்கொண்டிருந்ததாகச் சொன்னார். அந்த வீதியில் காலையில் ஒரு பஸ், மாலையில் ஒரு பஸ். அந்தப் பெண்ணின் பதிலைக் கேட்டதாகச் சொன்னால், இத்தனை தேடுதல்களில் அந்தப் பதிலை ஏன் ஒரு முறையும் சரிபார்க்கவில்லை என்று அவரிடம் கேட்பார்கள் அல்லவா? சாரதி மட்டும் உள்ளதைச் சொன்னார். கீழ்நிலை ஊழியர், இறந்தவர் மேல் பற்றுள்ளவர் என்று தலைவர் குறிப்புச் சொன்னார். அந்தப் பெண்ணோ வரவேயில்லை. சுகமில்லை என்று ஆள் சொல்லி அனுப்பியிருந்தாள்.

டீச்சர் என் அறைக்கு வந்தார். அவர் கணவர் தட்டாமல் வருவார். இவர் தட்டிவிட்டு வெளியே காத்திருந்தார்.

“நீங்கள் அந்த ஆட்களைச் சேர்ந்தவர்தானே. என்னை அங்கே கூட்டிக்கொண்டு போக முடியுமா?”

அந்த ஆட்களைச் சேர்ந்தவன்! நான் தோட்டத்து லயத்துக்குள் வாழ்நாளில் கால் வைத்ததில்லை. என் ஊரில் இருந்தபோது அந்த ஆட்களைப் பற்றி என் வீட்டார் பேசிய பேச்சை அவர் கேட்டிருந்தால் அப்படிக் கேட்டிருக்கமாட்டார். ஆனால் காவலரணில் மறிக்கும்போது இறங்கச் சொல்வது எங்கள் எல்லோரையும்தான். அந்த அளவில் அவர் சொன்னது சரி. போனோம்.

லயத்து வாசலில் எங்களைக் கண்டதும் பக்கத்து அறைக்காரி இடுப்பில் கைவைத்துக்கொண்டு வந்து நின்றாள்.

“யாருங்க நீங்க?”

“சபையிலயிருந்து வாறம். அம்மாவோட கொஞ்சம் கதைக்க வேணும்.”

“பேச்சப் பாத்தா யாழ்ப்பாணத்து ஐயா மாதிரி இருக்கு. நடு ரோட்டுல எங்கள விட்டுட்டுத் தனியா போன ஆளுங்க, இன்னைக்கு ஏன் வழி தெரிஞ்சிச்சு?”

“வாய மூடுடி,” என்றது உள்ளே இருந்து ஒரு குரல். அந்தப் பெண் வெளியே வந்தாள். டீச்சரின் வெள்ளைச் சேலையைப் பார்த்தாள். உள்ளே வரச் சொல்லவும் இல்லை, போகச் சொல்லவும் இல்லை.

நான் மொழிபெயர்க்கத் தயாராக நின்றேன். தேவைப்படவில்லை. அந்தப் பகுதித் தோட்டத்தார் சிங்களம் என்னைவிட நன்றாகப் பேசுவார்கள்.

“உங்கள் மகன் எங்கே?” என்று டீச்சர் கேட்டார்.

“பிள்ளை வேலையில், நோனா.”

“எங்கே வேலை?”

“சுமோக் அவுஸ்ல.”

டீச்சர் திரும்பி மலைச்சரிவைப் பார்த்தார். கரிந்த நான்கு சுவர்கள் நின்றன. அந்தப் பெண்ணும் அந்தச் சுவர்களைப் பார்த்தாள். பிறகு படியில் உட்கார்ந்துகொண்டாள்.

“நான் அவர் கையைப் பிடிச்சது போக விடாம இருக்கத்தான், நோனா,” என்றாள். “பொலிஸ் மாத்தயா பாத்துக்கிட்டு இருந்தாரு. இல்லன்னு சொன்னா எங்கேன்னு கேப்பாரு. கையால சொன்னேன். அவருக்கு வெளங்கல.”

“அவர் என்ன சொன்னார்?”

அவள் சொன்னாள். சாரதி சொன்ன அதே சொற்கள்.

“அம்மே என்றா சொன்னார்?”

“ஆமா.”

டீச்சரும் படியில் அவள் பக்கத்தில் உட்கார்ந்தார். பிறகு, “விசாரணைக்கு வந்து இதைச் சொல்லுங்கள். இவ்வளவுதான். வேறு ஒன்றும் வேண்டாம்,” என்றார்.

அந்தப் பெண் என் பக்கம் திரும்பித் தமிழில் பேசினாள். “ஐயா, நீங்க படிச்சவுங்க. நீங்களே சொல்லுங்க. நான் வந்து சொன்னா எம் பையன் எங்கேன்னு அடுத்த கேள்வி வருமா, வராதா?”

“வரும்.”

“சொன்னா பிடிப்பாங்களா, மாட்டாங்களா?”

“பிடிப்பினம்.”

“அப்பறம் எப்ப விடுவாங்க?”

அந்த ஒரு கேள்விக்கு எந்த விதியிலும் பதில் இல்லை. இல்லை என்று சொன்னேன்.

“அந்த அம்மாகிட்ட சொல்லுங்க. ரெண்டு பிள்ள இருந்தா ஒன்னக் குடுத்திருவேன்.”

டீச்சருக்கு நான் அதைச் சொல்லவில்லை. சொல்ல வேண்டியும் இருக்கவில்லை. சில தமிழ்ச் சொற்கள் அவருக்கும் தெரியும். “உனக்கு மகன் இருக்கிறான். எனக்கு என்ன இருக்கிறது, ஊர்ச் சிரிப்பா?” என்று கேட்டுவிட்டு எழுந்து நடந்தார். பக்கத்து அறைக்காரி முதல் முறையாகத் தலையைக் குனிந்துகொண்டாள்.

விசாரணையின் கடைசி நாள் பிற்பகல், அறைக்குள் ஒரு இளைஞன் வந்து நின்றான். கையில் ஒரு துணிப்பை. காலையில் ரம்புக்கனையில் இறங்கி நேரே வந்திருந்தான். தோட்டத்துப் பக்கம் போகவில்லை. தாய் தடுப்பாள் என்று தெரியும்.

“யார் நீ?” என்றார் தலைவர்.

“நான்தாங்க உள்ள இருந்தவன்,” என்றான் தமிழில். பிறகு சிங்களத்துக்கு மாறி எல்லாவற்றையும் சொன்னான். கொழும்பு, இரும்புக் கடை, மாமன், தாயின் பதில். சாட்சிக்குக் கூப்பிடாதவன் சாட்சி சொல்லலாமா என்று ஒரு உறுப்பினர் கேட்டார். குழு விரும்பினால் கேட்கலாம் என்ற விதியை நான் எடுத்துச் சொன்னேன். அன்று நான் சொன்னவற்றில் அது ஒன்றுதான் ஏற்கப்பட்டது.

“அம்மா பொய் சொன்னது எனக்காக. அந்த ஐயா உள்ளே போனது அந்தப் பேச்சை நம்பித்தான். சும்மா போகவில்லை. அதைச் சொல்லத்தான் வந்தேன்,” என்று முடித்தான்.

தலைவர் பேனாவை மூடினார். அவர் முகத்தில் நிம்மதி தெரிந்தது.

“நல்லது. ஆகவே உள்ளே எவரும் இருக்கவில்லை என்பது சந்தேகத்துக்கு இடமின்றி நிரூபணமாகிறது.”

நான் எழுந்து நின்றேன். உள்ளே ஆள் இருந்தாரா என்பது கேள்வியல்ல, ஆள் இருப்பதாக நம்ப நியாயமான காரணம் அந்த அலுவலருக்கு இருந்ததா என்பதே கேள்வி என்றேன். தீயணைப்பு என்றாலே அதுதான். எரிகிற வீட்டுக்கு வெளியே நின்றுகொண்டு உள்ளே எத்தனை பேர் என்று யார் அத்தாட்சிப்படுத்துவார்கள்? சுவாசக் கருவி எங்கே இருந்தது என்பதையும் குழு ஆராய வேண்டும் என்றேன்.

“நீங்கள் செயலாளர், ஐயா. குறித்துக்கொள்ள வந்தவர்,” என்றார் தலைவர் மிகுந்த மரியாதையோடு. “அதோடு, உங்கள் ஆட்கள் பொய் சொல்லாமல் இருந்திருந்தால் இந்த அலுவலர் இன்று உயிரோடு இருந்திருப்பார் அல்லவா?”

குறித்துக்கொண்டேன். உள்ளே எவருமில்லாத கட்டடத்துக்குள், சரிபார்க்காமல், தன் கட்டளைக்கு மாறாக, சுவாசக் கருவி அணியாமல் பிரவேசித்தார். செயலாளரின் வேலை அதுதான். அதற்காக நெஞ்சில் அடித்துக்கொள்ளப் போவதில்லை. ஆனால் ‘அணியாமல்’ என்ற சொல்லை எழுதும்போது அடுத்திருந்த தவிசாளரின் அறையில் அலுமாரிக் கண்ணாடியைச் சிற்றூழியர் துடைக்கும் சத்தம் கேட்டது.

வெளியே போக்குவரத்து ஒழுங்குபடுத்தும் சார்ஜன்ட் நின்றார். இளைஞனைக் கூட்டிக்கொண்டு போனார். தடுப்புக் காவல். குற்றச்சாட்டு என்னவென்று அவனுக்குச் சொல்லப்படவில்லை. இல்லாததை எப்படிச் சொல்வது?

சனிக்கிழமைகளில் காவலில் உள்ளவர்களை உறவினர் பார்க்கலாம். முதல் சனிக்கிழமை நானும் போனேன். தாய்க்குச் சட்டத்தரணி ஒருவரைப் பேசிக் கொடுத்திருந்தேன். அவரைத் தடுப்பு நிலைய வாசலில் சந்திக்க வேண்டியிருந்தது. டீச்சரை அங்கே கண்டபோது தவறான இடத்துக்கு வந்துவிட்டார் என்று நினைத்தேன். வரிசையில் நின்று அவருடைய முறை வந்தது.

“யாரைப் பார்க்க?”

அவனுடைய பெயரைச் சொன்னார். வாசல் அலுவலர் அவரை மேலும் கீழும் பார்த்தார்.

“அது தமிழ்ப் பொடியன். நீங்கள் என்ன உறவு?”

“என் கணவர் அவனை வெளியே கூட்டிக்கொண்டு வரத்தான் உள்ளே போனார்.”

“அது உறவு இல்லையே, நோனா. தாய், தகப்பன், சகோதரம், மனைவி. இதில் எது?”

“இதில் ஒன்றும் இல்லை.”

“அப்படியென்றால் முடியாது.”

விதிப்படி அலுவலர் சொன்னது சரி. டீச்சர் தான் கொண்டுவந்த சோற்றுப் பார்சலை வரிசையில் பின்னால் நின்ற தாயிடம் நீட்டினார். தாய் தயங்கி வாங்கிக்கொண்டாள். டீச்சர் வெளியே கிடந்த மர வாங்கில் உட்கார்ந்தார். அடுத்த சனிக்கிழமையும் அப்படியே. அதற்கடுத்ததும். சட்டத்தரணி தவணைக்குத் தவணை சமாதானம் சொன்னார். டீச்சர் யார் யாருடைய வாசலிலோ ஏறி இறங்கினார்: ஒரு பிக்கு, ஒரு மாகாண சபை உறுப்பினர், தன்னிடம் படித்த பிள்ளையின் தகப்பனான ஒரு பொலிஸ் அதிகாரி. கணவரின் பெயரில் இருந்த தீர்ப்பைத் திருத்தக் கேட்டு ஒரு வாசலிலும் ஏறவில்லை. நான் மேன்முறையீடு செய்யும் வழிகளைச் சொன்னேன். “அது பிறகு,” என்றார். பிறகு என்ற ஒன்று வரவில்லை.

சில மாதங்கள் கழித்து அவனை விட்டார்கள். பிடித்தபோது சொல்லாத காரணத்தை விட்டபோதும் சொல்லவில்லை. அன்று நானும் அங்கே நின்றேன். அவன் மெலிந்திருந்தான், இடது கையை உயர்த்த முடியவில்லை. தாய் அவனைத் தடவித் தடவிப் பார்த்தாள். பிறகு வாங்கில் இருந்த டீச்சரிடம் ஓடிப்போய்க் காலில் விழப் பார்த்தாள்.

டீச்சர் காலை இழுத்துக்கொண்டார்.

“நான் உன்னை மன்னிக்கவில்லை,” என்றார். குரலை உயர்த்தவில்லை. “அவர் ஒரு வேலையை அரைகுறையாக விட்டுவிட்டுப் போனார். அது இன்று முடிந்தது. இனி என் வீட்டுக்கு வரக்கூடாது.”

தாய் தலையாட்டினாள். இளைஞன் ஏதோ சொல்ல வாயெடுத்தான். டீச்சர் அவன் முகத்தைப் பார்க்காமலே குடையை விரித்தார்.

எங்கள் பக்கம் போக அந்த நேரத்தில் ஒரு பஸ்தான் இருந்தது. எல்லோரும் அதில்தான் ஏற வேண்டியிருந்தது. டீச்சர் பஸ் சாரதிக்குப் பின்னால் உள்ள ஆசனத்தில் அமர்ந்தார். தாயும் மகனும் கடைசி வரிசைக்குப் போனார்கள். நான் நடுவில் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றேன்.